வான் டி கிராஃப் மின்னியற்றியில் பல்பு எரிய வைக்கணும்: எத்தனை ஓம் மின்தடை போடுவது?

பிளஸ்டூ_இயற்பியல்:
வணக்கம். பள்ளி ஆய்வகத்தில் உள்ள வான் டி கிராஃப் மின்னியற்றியை (பெல்ட் ஓடி, மேலே உள்ள உலோகக் கோளத்தில் மின்னூட்டம் சேர்க்கும் மெஷின்) வைத்து ஒரு பல்பை எரிய வைத்துக் காட்ட வேண்டும். கண்காட்சிக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பதே "இவ்ளோ வோல்ட் வருதே, இதுல லைட் எரியுமா மிஸ்?" என்றுதான்.

மெஷின் விவரம்: மேலே 20 செ.மீ. விட்டமுள்ள அலுமினியக் கோளம். ரப்பர் பெல்ட், 6 செ.மீ. அகலம். கீழ் உருளை 4 செ.மீ. விட்டம், நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று. தையல் மெஷின் மோட்டார். 2 லட்சம் வோல்ட் வரை வரும் என்று போட்டிருக்கிறது. 60 வாட் குண்டு பல்பைக் கோளத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இணைத்தால் ஒன்றுமே ஆகவில்லை. எரியவும் இல்லை, ஃபியூஸ் போகவும் இல்லை. 2 லட்சத்தை 230 ஆகக் குறைக்க எவ்வளவு மின்தடை போட வேண்டும்? பிள்ளைகள் பக்கத்தில் நிற்பார்கள், பாதுகாப்பு முக்கியம்.

பாலிடெக்னிக்_ரெண்டாம்_வருஷம்:
மேடம், மின்தடை போட்டா பவர் வீணாகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா வோல்டேஜ் குறைஞ்சு கரண்ட் கூடுமே?

மின்கசிவு:
தம்பி, இது டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். இதில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யாது. தவிர, 2 லட்சம் வோல்ட் தாங்கும் சுருளை மேசை மேல் வைக்க முடியாது.

மேடம், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. வோல்டேஜைக் குறைக்க நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். பல்பை இணைத்த நொடியே அது தானாக விழுந்துவிட்டது. குறைவாக இருப்பது கரண்ட்.

பெல்ட் என்பது மின்னூட்டத்தை வாளி வாளியாக மேலே சுமந்துபோகும் ஏற்றம் மாதிரி. ஒரு வினாடிக்கு எவ்வளவு சுமக்குமோ அவ்வளவுதான் கரண்ட். காற்று ஒரு மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் வரைதான் தாங்கும் என்பதால், பெல்ட்டின் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 26 மைக்ரோ கூலும்புக்கு மேல் ஒட்டாது. உங்கள் உருளை வேகத்துக்கு பெல்ட் வினாடிக்கு 5 மீட்டர் ஓடுகிறது. 5 × 0.06 = வினாடிக்கு 0.3 சதுர மீட்டர். அதாவது உச்சபட்சம் 8 மைக்ரோ ஆம்பியர். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்ல மெஷின். 4 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

60 வாட் பல்புக்கு வேண்டியது 0.26 ஆம்பியர். உங்களிடம் இருப்பதைப் போல 65,000 மடங்கு. சூடாகாத ஃபிலமென்ட்டின் மின்தடை 60 ஓம் பக்கம்தான். அதில் 4 மைக்ரோ ஆம்பியர் போனால் பல்பின் இரண்டு முனைக்கும் நடுவே கால் மில்லி வோல்ட்கூட நிற்காது. கோளத்தை ஒரு கம்பியால் தரையோடு சேர்த்துக் கட்டியதும் இதுவும் ஒன்றுதான்.

ஓம்விதி:
மின்கசிவு சொன்னதிலிருந்தே விடை வந்துவிடுகிறது. கொடுக்கும் கரண்ட் மாறாது, சுமைக்கு ஏற்றபடி வோல்டேஜ்தான் ஏறும் இறங்கும். அப்படிப்பட்ட மூலத்திலிருந்து நிறைய வெளிச்சம் வேண்டுமானால், கரண்ட் குறைவாகவும் வோல்டேஜ் அதிகமாகவும் கேட்கும் சுமையைக் கொடுக்க வேண்டும். வீட்டு விசேஷத்துக்கு மாட்டுகிற சீரியல் செட் ஞாபகம் இருக்கட்டும். எல்.ஈ.டி.களைத் தொடரில் கோர்த்துக்கொண்டே போங்கள். ஒன்று போட்டாலும் 4 மைக்ரோ ஆம்பியர், நூறு போட்டாலும் அதே 4 மைக்ரோ ஆம்பியர். வீட்டு மின்சாரத்தில் இரண்டாவது பல்பைத் தொடரில் போட்டால் இரண்டுமே மங்கும். இங்கே மங்காது. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட அருமையான பாடம் இல்லை.

கணக்கு: இந்தக் கரண்டில் ஒரு வெள்ளை எல்.ஈ.டி. சுமார் 2.4 வோல்ட் எடுக்கும். 100 எல்.ஈ.டி. சேர்ந்தால் 240 வோல்ட், மொத்தம் ஒரு மில்லி வாட். 2 லட்சம் வோல்ட் மெஷினுக்கு 240 வோல்ட் என்பது சும்மா இருப்பது மாதிரி.

பாலிடெக்னிக்_ரெண்டாம்_வருஷம்:
4 மைக்ரோ ஆம்பியர்ல எல்.ஈ.டி. எரியுமா சார்? 20 மில்லி ஆம்பியர் கொடுக்கணும்னு படிச்சிருக்கோம்.

ஓம்விதி:
20 மில்லி என்பது முழு வெளிச்சத்துக்கு, தம்பி. நல்ல ரகமாக இருந்தால் 4 மைக்ரோவில் இருட்டறையில் ஒவ்வொன்றும் நட்சத்திரப் புள்ளி போலத் தெளிவாகத் தெரியும். வெளிச்சமான ஹாலில் தெரியாது. திரை போட்டு இருட்டாக்க வேண்டும், அல்லது ஒரு பக்கம் திறந்த கருப்பு அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் காட்ட வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. மலிவான எல்.ஈ.டி.களில் சிலதுக்கு உள்ளுக்குள்ளேயே கசிவு இருக்கும். மில்லி ஆம்பியரில் அது தெரியாது, மைக்ரோ ஆம்பியரில் முழுக் கரண்டையும் அந்தக் கசிவே தின்றுவிடும். வரிசை நடுவில் நாலைந்து மட்டும் செத்த மாதிரி கிடக்கும். சால்டர் வைப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்: 9 வோல்ட் பேட்டரி, தொடரில் ஒரு 2.2 மெகா ஓம் மின்தடை, நடுவில் எல்.ஈ.டி. இதில் சுமார் 3 மைக்ரோ ஆம்பியர் ஓடும். கையைக் குவித்துப் பார்த்து, ஒளிர்வது மட்டும் தேர்வு. 100 வேண்டுமென்றால் 120 வாங்குங்கள்.

கடையில் விற்கும் சீரியல் செட்டை அப்படியே மாட்டாதீர்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஐ.சி., டையோடு எல்லாம் இருக்கும், சரமும் பல கிளைகளாகப் பிரிந்து இணையாக ஓடும். பெட்டியை வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொரு கிளையின் நேர்முனை, எதிர்முனை கண்டுபிடித்து, ஒன்றன் பின் ஒன்றாகத் தொடரில் சேர்க்க வேண்டும். வீட்டு 9 வாட் எல்.ஈ.டி. பல்பும் ஆகாது. அதன் டிரைவர் (உள்ளே கரண்டைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று) இந்தக் கரண்டில் எழுந்திருக்கவே எழுந்திருக்காது, பொறி அடித்தால் முதலில் சாவதும் அதுதான்.

மின்கசிவு:
போலாரிட்டி பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டோம். கோளம் நேரா எதிரா என்பது உருளைகளும் பெல்ட்டும் என்ன பொருள் என்பதைப் பொறுத்தது. உருளையை மாற்றினால் தலைகீழாகிவிடும். அதனால் இரண்டு சரம் செய்து, எதிரெதிர்த் திசையில் இணையாகக் கட்டுங்கள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. எது எரிகிறதோ அது கோளத்தின் குறியைச் சொல்லிவிடும். எரியாத சரத்துக்கு எதிர்வோல்டேஜ் அளவோடு நிற்பதால் அதுவும் பிழைக்கும்.

இப்போது பாதுகாப்பு. தயவுசெய்து இதை மேலோட்டமாகப் படிக்காதீர்கள்.

கோளத்தின் மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறன்) ஆரத்தைப் பொறுத்தது. 10 செ.மீ. ஆரத்துக்கு 11 பைக்கோ ஃபாரட். 2 லட்சம் வோல்ட்டில் அதில் நிற்கும் ஆற்றல் 0.2 ஜூல். உதறித் தள்ளும், வலிக்கும், ஆனால் ஆரோக்கியமான ஆளைக் கொல்லாது. அதிர்ச்சியில் பின்னால் சாய்ந்து மேசை முனையில் இடித்துக்கொள்வதுதான் நிஜமான ஆபத்து. ஆனால் பல்பு எரிய வைக்க அந்த 0.2 ஜூல் தேவையே இல்லை! ஆகவே என் யோசனை: இந்தச் சோதனைக்குக் கோளத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

மேல் உருளையின் முன்னால் ஒரு உலோகச் சீப்பு இருக்கும். பெல்ட்டிலிருந்து மின்னூட்டத்தை வாங்குவது அதுதான். கோளம் அதைச் சேர்த்து வைக்கும் தொட்டி மட்டுமே. சீப்பிலிருந்தே கம்பியை எடுத்து எல்.ஈ.டி. சரத்துக்குக் கொடுங்கள், சரத்தின் மறுமுனையை மெஷினின் அடிப்பாக டெர்மினலுக்கு. கரண்ட் அதே 4 மைக்ரோதான். சேமிப்பு மட்டும் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. கம்பி நடுவில் கழன்றுவிட்டாலும் சீப்பின் கூர்முனைகளே மின்னூட்டத்தைக் காற்றில் கசியவிடும். புத்தகத்தில் கூர்முனைச் செயல்பாடு என்று வருகிறதே, அது இங்கே நமக்குக் காவலாக நிற்கிறது.

பிளஸ்டூ_இயற்பியல்:
கோளத்தைக் கழற்றலாம் என்பது தோன்றவே இல்லை. மிக்க நன்றி சார். ஊர் கடலோரம். ஈரப்பதம் அதிகமான நாளில் கோளத்திலிருந்து 2 செ.மீ. பொறிகூட வராது. அன்றைக்குக் கண்காட்சி வைத்தால் என்ன செய்வது?

மின்கசிவு:
அங்கேதான் இந்த அமைப்பு கைகொடுக்கும். ஈரக்காற்றில் தூண், கம்பி, தூசி எல்லாவற்றின் மேற்பரப்பிலும் மெல்லிய ஈரப்படலம் படியும். 2 லட்சம் வோல்ட்டில் அதன் வழியாக மொத்தக் கரண்டும் ஒழுகிவிடும், பொறி வராது. 240 வோல்ட்டில் அதே படலம் ஒழுகவிடுவது மிகமிகக் கொஞ்சம். பொறி வராத நாளிலும் எல்.ஈ.டி. எரியும்.

பெல்ட் மட்டும் காய்ந்திருக்க வேண்டும். மின்னூட்டம் மேலே போய்ச் சேருவதற்குள் பெல்ட் பரப்பிலேயே ஒழுகினால் எதுவும் மிஞ்சாது. ஹேர் டிரையரால் 5 நிமிடம், பெல்ட்டைக் கையால் நகர்த்தி நகர்த்திக் காய வையுங்கள். ரொம்பச் சூடு வேண்டாம், ரப்பர் வெடிப்பு விடும். உருளையில் படிந்த கருப்புப் பொடியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். துடைத்தபின் வாடை முழுவதும் போகும் வரை மெஷினை ஓட்டக் கூடாது. ஸ்பிரிட் ஆவி பற்றிக்கொள்ள ஒரு மில்லி ஜூலுக்கும் குறைவான பொறி போதும். கையில் சானிடைசர் தடவிய ஈரத்தோடு யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்.

கண்ணாடிக்குழாய்:
எல்.ஈ.டி. சரி, ஆனால் வாயு விளக்கை விட்டுவிட்டீர்களே. நிலைமின்னால் குறைந்த அழுத்த வாயுவில் வெளிச்சம் வரவைப்பது பழைய சங்கதி. 1700களின் தொடக்கத்திலேயே பிரான்சிஸ் ஹாக்ஸ்பீ காற்று நீக்கிய கண்ணாடி உருண்டையைச் சுழற்றி, கையால் தேய்த்து, உள்ளே ஒளி வரவைத்திருக்கிறார்.

எளிதில் கிடைப்பது நியான் பல்பு. லைன் டெஸ்டருக்குள் இருக்கும் அதே குட்டிப் பல்பு, சுவிட்ச் போர்டு இண்டிகேட்டரிலும் அதுதான். 65 முதல் 90 வோல்ட்டில் பற்றும், 60 பக்கம் நிற்கும். நேரடியாகச் சீப்புக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே போட்டால் மங்கலாகச் சிமிட்டும். அதன் இரு முனைக்கும் குறுக்கே 100 நானோ ஃபாரட் ஃபிலிம் மின்தேக்கி ஒன்றைப் போடுங்கள். 4 மைக்ரோ ஆம்பியர் அதை வினாடிக்கு 40 வோல்ட் வீதம் ஏற்றும். 90 தொட்டதும் நியான் பளிச்சென்று எரிந்து 60க்கு இறக்கிவிடும், மறுபடி ஏறும். முக்கால் வினாடிக்கு ஒரு சிமிட்டல். ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று பிள்ளைகள் எண்ணினால், அதிலிருந்தே மெஷினின் கரண்டைக் கணக்கிடலாம்: மின்தேக்கி × 30 வோல்ட் × வினாடிக்கு எத்தனை சிமிட்டல். மீட்டரே வேண்டாம். (30 என்பது பல்புக்குப் பல்பு மாறும்.)

பாலிடெக்னிக்_ரெண்டாம்_வருஷம்:
டியூப் லைட்டைக் கையில பிடிச்சுக் கோளத்துக்குப் பக்கத்துல கொண்டு போனா எரியுமே அக்கா, அது இன்னும் கெத்தா இருக்குமே?

கண்ணாடிக்குழாய்:
எரியும் தம்பி, ஆனால் கையில் பிடிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொறி அடிக்கும்போது கை தானாக உதறும். 4 அடிக் கண்ணாடிக் குழாய் கீழே விழுந்தால் துண்டுகள் ஒருபக்கம், உள்ளே இருக்கும் பாதரசம் இன்னொரு பக்கம். அதுவும் பிள்ளைகள் நடுவில்.

டியூப்தான் வேண்டும் என்றால் கோளத்தோடு செய்யலாம், இப்படி: மரப்பலகையில் இரண்டு பிளாஸ்டிக் கிளாம்ப் போட்டு 2 அடி டியூபைப் படுக்க வையுங்கள். ஒவ்வொரு முனையிலும் இரண்டு பின்களையும் ஒரே கம்பியால் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு முனை அடிப்பாக டெர்மினலுக்கு. மறுமுனையில் ஒரு வழவழப்பான உலோகக் குண்டு, கதவுக் கைப்பிடிக் குமிழ் போதும். அந்தக் குமிழுக்கும் கோளத்துக்கும் இடைவெளி 1 செ.மீ. கோளம் ஏறத்தாழ 30,000 வோல்ட் தொடும்போதெல்லாம் பொறி தாண்டும். வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை, ஒவ்வொன்றும் 5 மில்லி ஜூல். டியூப் முழுவதும் படபடவென்று வெளிச்சம், வெளிச்சமான அறையிலும் தெரியும். இடைவெளியை 5 செ.மீ. ஆக்கினால் பொறி பெரிதாகும், சத்தம் பலமாகும், ஆனால் ஆற்றலில் பெரும்பகுதி பொறியிலேயே போய்விடும். 1 செ.மீ. போதும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. குண்டு பல்பைக் கோளத்தருகே பிடித்தால் உள்ளே ஊதா நிறக் கீற்றுகள் ஓடும், அழகாகவே இருக்கும். 60, 100 வாட் பல்புகளில் ஆர்கான், நைட்ரஜன் நிரப்பியிருப்பார்கள். ஆனால் 'ஜீரோ வாட்' என்று விற்கும் 15 வாட் பல்புகள் பெரும்பாலும் வெற்றிடம். வெற்றிடத்தில் பல பத்தாயிரம் வோல்ட் ஏறினால் எலக்ட்ரான்கள் தடையில்லாமல் ஓடி மோதும். எக்ஸ்ரே குழாய் வேலை செய்வதும் அப்படியே. அளவு சின்னதாக இருந்தாலும் அந்தச் சோதனை பள்ளியில் வேண்டவே வேண்டாம்.

ஓம்விதி:
இருட்டறை கிடைக்காவிட்டால் எல்.ஈ.டி.யையே பளிச்சிட வைக்கும் ஒரு சுற்று. தொலைபேசி லைனில் இடி மின்னல் காப்புக்குப் போடும் கேஸ் டிஸ்சார்ஜ் டியூப், 230 வோல்ட் ரகம், எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். குறித்த வோல்ட் வந்ததும் உள்ளே இருக்கும் வாயு பற்றிக் கரண்டை விடும். பற்றும் வரை அதில் கசிவே இராது. அதனால் நமக்கு ஏற்ற சுவிட்ச்.

சீப்பிலிருந்து அடிப்பாகத்துக்கு 100 நானோ ஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் மின்தேக்கி. அதற்கு இணையாக, ஒரே தொடரில்: 230 வோல்ட் டியூப், 2.2 கிலோ ஓம், 20 எல்.ஈ.டி. மின்தேக்கி 230 சொச்சம் ஏறியதும் டியூப் பற்றி, எல்.ஈ.டி. வழியே சில நூறு மைக்ரோ வினாடிக்கு 70 மில்லி ஆம்பியர் பக்கம் பாயும். நாலு வினாடிக்கு ஒரு முறை பளிச். கூட்டம் திரும்பிப் பார்க்கும். இதற்கு எல்.ஈ.டி. திசை சரியாக இருக்க வேண்டும், முதலில் இரட்டைச் சரத்தில் போலாரிட்டி பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்தேக்கிக்கு நேர் குறுக்கே இன்னொரு டியூப், 470 வோல்ட் ரகம், கட்டாயம் போடுங்கள். எல்.ஈ.டி. சரத்தில் ஒரு சால்டர் விட்டுப்போனால் மின்தேக்கி ஏறிக்கொண்டே போய் ஓட்டை விழும். இரண்டாவது டியூப் அதைத் தடுக்கும். 230 வோல்ட்டில் இதில் நிற்கும் ஆற்றல் 2.6 மில்லி ஜூல்தான்.

பாட்டிலில் ஃபாயில் சுற்றி லேடன் ஜாடி (பழைய வகை மின்தேக்கி) செய்து சேர்த்தால் வெளிச்சம் கூடுமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஒரு நானோ ஃபாரட் பாட்டில் 40,000 வோல்ட்டில் 0.8 ஜூல். பத்து பாட்டிலை இணையாகக் கட்டினால் 8 ஜூல். 10 ஜூல் பக்கம் போனாலே உயிருக்கு ஆபத்து என்று கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய அளவு. வோல்டேஜைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சேமிப்பைப் பாருங்கள். கண்காட்சி மேசையில் எந்தச் சேமிப்பும் 10 மில்லி ஜூலைத் தாண்டக் கூடாது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பிளஸ்டூ_இயற்பியல்:
எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். எர்த் பற்றி ஒரு சந்தேகம். அடிப்பாக டெர்மினலுக்குப் பதில் சுவர் பிளக்கின் எர்த்தில் மறுமுனையைச் செருகலாமா? மல்டிமீட்டரால் கரண்டை அளப்பது எப்படி?

மின்கசிவு:
செருகக் கூடாது மேடம். பெல்ட்டில் மின்னூட்டம் ஏறுவது அடிப்பாகத்தில். திரும்பி வர வேண்டியதும் அங்கேதான். சரத்தின் கம்பி நேராக அடிப்பாக டெர்மினலுக்கே போகட்டும். மெஷினின் மூன்று பின் பிளக் வழியாக எர்த் தனியாக இருக்கட்டும், அதைத் தொட வேண்டாம். சுவர் எர்த்தில் பொறி பாயவிட்டால் மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி சாகும், ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) காரணமில்லாமல் விழும்.

அளக்க: மைக்ரோ ஆம்பியர் ரேஞ்ச் வேண்டாம். சீப்புக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே 1 மெகா ஓம் மின்தடையை இறுக்கமாகக் கட்டி, அதன் குறுக்கே மீட்டரை டி.சி. 20 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். மீட்டரின் சொந்த 10 மெகா ஓமும் சேர்வதால் மொத்தம் 0.91 மெகா ஓம். 3.6 வோல்ட் காட்டினால் 4 மைக்ரோ ஆம்பியர். எல்லாம் கட்டியபிறகே மோட்டார் சுவிட்ச். ஓடும்போது கம்பி கழன்று பொறி அடித்தால் மீட்டர் போய்விடும்.

கை வைக்கும் முன்: மோட்டாரை நிறுத்தினாலும் பெல்ட்டில் மின்னூட்டம் மிச்சம் இருக்கும். ஒரு முறை தொட்டு இறக்கியபின்னும் கோளம் மறுபடி ஏறும். அரை மீட்டர் பிளாஸ்டிக் பைப் நுனியில் உலோகக் குண்டு, அதிலிருந்து கம்பி அடிப்பாகத்துக்கு. அதைக் கோளத்தின் மேல் அல்லது சீப்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, *அது அப்படியே இருக்கும்போது* வேலை பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அறைக்குள் வரக் கூடாது என்று வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள். செல்போன், லேப்டாப் 3 மீட்டர் தள்ளி.

பிளஸ்டூ_இயற்பியல்:
கோளத்தைக் கழற்றி அளந்ததில் 3.1 வோல்ட், அதாவது 3.4 மைக்ரோ ஆம்பியர். சிவப்பு, பச்சை 50, 50 சரம் கட்டியதில் சிவப்பு எரிந்தது. ஆனால் சரத்தின் மேல் பக்கத்து 8 எல்.ஈ.டி. மட்டும் மற்றதைவிட மங்கல். அவை 9 வோல்ட் சோதனையில் தேறியவைதான்.

ஓம்விதி:
மேல் பக்கம் மட்டும் என்றால் எல்.ஈ.டி. மேல் சந்தேகம் வேண்டாம். சால்டர் பேஸ்ட் மிச்சம் போர்டில் ஒட்டியிருக்கும், அதன் வழியாகக் கசிகிறது. டூத் பிரஷ்ஷில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, ஒரு மணி நேரம் காய வையுங்கள். அந்தப் பகுதியைக் கையால் தொடாமல் ஓரத்தில் பிடியுங்கள், விரல் வியர்வையும் இதே வேலையைச் செய்யும்.

பிளஸ்டூ_இயற்பியல்:
தேய்த்துக் காய வைத்தபின் 50ம் ஒரே மாதிரி எரிகின்றன. ஒரு எல்.ஈ.டி.யின் இரு காலையும் மின்காப்பிட்ட பிடியுள்ள கம்பியால் சேர்த்தால் அது மட்டும் அணைகிறது, மற்ற 49ன் வெளிச்சம் கொஞ்சமும் மாறவில்லை.